பாட்டுடைத் தலைவன் ராலி

எங்கள் ஊரில் யாரையும் அளவுக்கு மேல் புகழக் கொஞ்சம் யோசிப்பார்கள். இன்று தெள்ளார் என்று பெயர்ப்பலகையில் இருக்கும் இந்த ஊர்தான் பழைய தெள்ளாறு. 9ஆம் நூற்றாண்டில் பாண்டியன் படையை இங்கே முறியடித்ததால்தான் மூன்றாம் நந்திவர்மப் பல்லவனுக்கு ‘தெள்ளாறெறிந்த’ என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டது. அவன்மேல் பாடிய நந்திக் கலம்பகத்தைப் பற்றி ஒரு செவிவழிக் கதை உண்டு. பகைவன் அறம் வைத்துப் பாடினானாம். ஒரு பாட்டுக்கு ஒரு பந்தல் எரிந்ததாம். தமிழ் ருசி விடாமல் அரசன் பந்தலுக்குப் பந்தல் நகர்ந்து கேட்டு, கடைசியில் சிதையேறிப் போய்ச் சேர்ந்தானாம். வரலாற்றாசிரியர்கள் இதற்குத் தலையாட்ட மாட்டார்கள். ஆனாலும் புகழ்ந்தே ஒருவரை முடித்துவிடும் வித்தையில் எங்கள் வட்டாரத்துக்கு ஒரு பாத்தியதை இருக்கிறது. அந்தப் பாத்தியதையில் இன்று நான் எடுத்துக்கொண்ட பாட்டுடைத் தலைவன், உலக ராலி சாம்பியன்ஷிப்.

அஜித் குமார் ஓட்டுகிறாரே, அதுவா என்று கேட்பீர்கள். அது இல்லை. அவர் ஓட்டுவது சர்க்யூட் பந்தயம். எல்லா வண்டியும் ஒரே வளையத்தைச் சுற்றும். யார் யாரை முந்துகிறார் என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். ராலி அவ்வளவு கொச்சையானது அல்ல. காட்டுப்பாதை, பனிச்சாலை, மலைவளைவு என்று ஊர்சனம் புழங்கும் சாலையை அடைத்துவிட்டு, இடைவெளி விட்டு ஒவ்வொரு காராக அனுப்புவார்கள். அப்படி அடைத்த ஒவ்வொரு துண்டுக்கும் ஸ்டேஜ் என்று பெயர். பக்கத்து இருக்கையில் கோ-டிரைவர் நோட்டைப் பார்த்து அடுத்த வளைவு என்ன, எவ்வளவு கூர்மை என்று வாசித்துக்கொண்டே வருவார். விநாடியைப் பத்தாகப் பிரித்துக் கணக்கு வைப்பார்கள். ஆக, ஒருவர் இன்னொருவரை ஜெயிப்பதை யாரும் நேரில் பார்க்க முடியாது. பார்க்க முடியாத ஒரு போட்டியை 1973 முதல் உலகத்துக்கு விற்று வருகிறார்களே, அந்தச் சாமர்த்தியத்துக்கே முதல் கும்பிடு.

போட்டி என்றால் முடிவு தெரியாமல் இருக்க வேண்டும், நெஞ்சு அடித்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கும் பழைய காலத்து ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய உடல்நலத்தைக் கருதி ராலி ஓர் ஏற்பாடு செய்துகொடுத்தது. 2004 முதல் 2021 வரை 18 ஆண்டுகள். அதில் 17 ஆண்டுகளில் சாம்பியனின் பெயர் செபஸ்தியான். முதலில் செபஸ்தியான் லோப், 2004 முதல் 2012 வரை தொடர்ச்சியாக ஒன்பது முறை. அவர் கை ஓய்ந்ததும் செபஸ்தியான் ஓஜியே. நடுவில் 2019இல் மட்டும் எஸ்டோனியாக்காரர் ஓட் தனாக் குறுக்கே வந்துவிட்டார். அந்த ஒழுங்கீனம் மறு ஆண்டே சரிசெய்யப்பட்டது. 2025இல் ஓஜியேவும் ஒன்பதாவது பட்டத்தை வாங்கி லோப்போடு சரிசமமாக நின்றுவிட்டார். செபஸ்தியார் என்ற பெயர் தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை என்பதால் நம் ரசிகர்களுக்கு மனப்பாடம் செய்யும் சிரமமும் இல்லை.

இருவரும் பிரெஞ்சுக்காரர்கள் என்பதில் எங்கள் பக்கத்தவர்களுக்குத் தனி ஆறுதல். 1760 ஜனவரி 22 அன்று, பக்கத்து வந்தவாசியில், ஆங்கிலேயர் அயர் கூட்டிடம் லாலி தோற்றதோடு பிரெஞ்சுக்காரர்களின் இந்தியக் கனவு கலைந்தது. அதற்குப் பிறகு அவர்கள் எங்கே போய்ப் பழிதீர்த்தார்கள் என்று யாராவது கேட்டால் ராலியைக் காட்டலாம். பிரிட்டனுக்கு இதுவரை கிடைத்த சாம்பியன்கள் இருவர்தான்: 1995இல் காலின் மெக்ரே, 2001இல் ரிச்சர்ட் பர்ன்ஸ். மூன்றாமவர் ஆக வேண்டிய வேல்ஸ்காரர் எல்ஃபின் எவன்ஸ் 2020, 2021, 2023, 2024, 2025 என்று ஐந்து முறை இரண்டாமிடத்தைக் காவல் காத்து நிற்கிறார். கடைசி முறை அவர் தோற்றது நான்கே புள்ளியில். அவரைத் தோற்கடித்த ஓஜியே அந்த ஆண்டு 14 ராலிகளில் 11க்குத்தான் வந்திருந்தார். மூன்று ராலிக்கு வீட்டில் இருந்துகொண்டே உலக சாம்பியன் ஆகலாம் என்றால் போட்டி எவ்வளவு கடுமையாக இருந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

பெண்கள் விஷயத்தில் ராலியின் பண்பாடு இன்னும் உயர்ந்தது. 1981இல் சான்ரெமோவில் மிஷெல் மூத்தோன் ஆடி குவாட்ரோவில் ஜெயித்தார்; 1982இல் மூன்று ராலிகளை வென்று பட்டத்தைத் தொடும் தூரத்துக்கு வந்தார். அந்த அதிர்ச்சியிலிருந்து இந்த விளையாட்டு முழுதாக மீண்டுவிட்டது. அதற்குப் பிறகு ஒரு பெண்கூட உலக ராலி ஒன்றை வெல்லவில்லை.

ஓட்டுநர்களை விடுங்கள். கம்பெனிகளின் போட்டியைப் பாருங்கள், கண் கூசும். மேல்தட்டு வகுப்பான ராலி1இல் டொயோட்டா, ஹூண்டாய், ஃபோர்டு என்று மொத்தம் மூன்று கம்பெனிகள். உலகத்தில் இத்தனை கார் கம்பெனிகள் இருந்தும் மூன்றே மூன்றைத் தேர்ந்தெடுத்ததால், பரிசு மேடையில் இடநெருக்கடி இல்லை. மூன்றாவதான ஃபோர்டு, மேடைக்கு வருவதைக்கூடப் பெரும்பாலும் தவிர்த்துவிடும். இங்கிலாந்தின் கும்பிரியாவில் இருக்கும் எம்-ஸ்போர்ட் என்ற பட்டறைதான் அந்தக் கார்களைக் கட்டி ஓட்டுகிறது; பெயர்தான் ஃபோர்டு. 2025இல் நடந்த 14 ராலிகளில் 12ஐ டொயோட்டா எடுத்துக்கொண்டது. மீதி இரண்டு, கிரீஸும் சவூதி அரேபியாவும், ஹூண்டாய்க்கு விடப்பட்டன. சாம்பியன் பட்டத்துக்குக் கடைசிவரை முட்டிமோதிய ஓஜியே, எவன்ஸ், காலே ரோவன்பெரா மூவருக்கும் சம்பளம் டொயோட்டாவிடமிருந்துதான். சண்டை வெளியே போகாமல் ஒரே வீட்டுக்குள் முடிந்தது. குடும்ப ஒற்றுமைக்கு இதைவிட நல்ல உதாரணம் உண்டா?

ஓட்டுநர் முக்கியமா, கார் முக்கியமா என்று ரசிகர்கள் டீக்கடையில் அடித்துக்கொள்வார்கள். ராலி இதற்கு எப்போதோ விடை சொல்லிவிட்டது. 2013 முதல் 2016 வரை ஃபோக்ஸ்வாகனிலும், 2017, 2018இல் ஃபோர்டிலும் பட்டம் வாங்கிய அதே ஓஜியே 2019இல் சிட்ரோயன் காரில் ஏறி மூன்றாமிடம் போனார். அதே ஆள், அதே கை. ஆண்டு முடிவில் அவர் கிளம்பினார். சிட்ரோயன் கம்பெனி அவருக்குப் பின்னாலேயே ராலியை விட்டுக் கிளம்பிவிட்டது. இப்படி மனம் ஒத்த முதலாளியும் தொழிலாளியும் எங்கே கிடைப்பார்கள்?

கிளம்பிப் போவதில் இந்தக் கம்பெனிகளுக்கு இருக்கும் துறவு மனப்பான்மை தனியாகப் பாராட்ட வேண்டியது. 2005 முடிவில் பெஜோவும் மிட்சுபிஷியும் போயின. 2008 டிசம்பரில், உலகப் பொருளாதாரம் இருமியதும், சுபாருவும் சுசுகியும் ஒரே மாதத்தில் விடைபெற்றன. ஃபோக்ஸ்வாகன் போலோ காரோடு வந்து, நான்கு ஆண்டில் ஓடிய 52 ராலிகளில் 43ஐ வென்றது. டீசல் புகையில் பொய் சொன்ன விவகாரம் 2015இல் வெடித்து, அபராதக் கணக்கு ஏற ஏற, 2017க்குப் புதுக் கார் தயாராகிச் சோதனை ஓட்டம் நடந்துகொண்டிருந்த நேரத்தில் 2016 நவம்பரில் கடையைக் கட்டியது. தோற்றவர்கள் போவது உலக வழக்கம். ஜெயித்துக்கொண்டே இருக்கும்போது போவதுதான் துறவு.

சாம்பியனுக்கு ராலி கொடுக்கும் மரியாதையும் தனி வகை. வெள்ளிக்கிழமை, முதல் முழுநாள் ஓட்டத்தில், புள்ளிப் பட்டியலில் முதலிடத்தில் இருப்பவர்தான் முதலில் போக வேண்டும். மண்சாலையில் முதலில் போனால் என்ன ஆகும்? மேலே உதிரியாகக் கிடக்கும் சரளையில் டயர் வழுக்கும். அவர் போன பிறகு பாதை துலங்கும். பின்னால் வருபவர் விநாடிகளைப் பிடித்துக்கொள்வார். அதாவது உலகத்தின் மிகச் சிறந்த ஓட்டுநருக்குத் தரப்படும் முதல் மரியாதை, தெரு பெருக்கும் வேலை. ஓஜியே இதைப் பற்றிப் பல ஆண்டு முணுமுணுத்தார். நன்றி கெட்டவர். இதில் தேறிய சில அணிகள், கடைசி ஸ்டேஜுக்கு முன்னால் நேரக் கட்டுப்பாட்டு மேசைக்கு வேண்டுமென்றே தாமதமாக வந்து, அபராத நிமிடங்களை ஏற்றுக்கொண்டு, நல்ல இடத்தில் ஓடிப் புள்ளியை அள்ளிய கதைகளும் உண்டு. வேகப் பந்தயத்தில் தாமதமாக வந்து லாபம் பார்ப்பது, நம் அலுவலகங்களுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம் என்று இதுவரை நினைத்திருந்தேன்.

புள்ளி கணக்கு அதைவிடச் சுவை. 2024இல், ராலிக்கு விதி எழுதும் எப்.ஐ.ஏ. ஒரு புதுமை செய்தது. சனிக்கிழமை மாலை நிலவரத்துக்கு முதலாமவருக்கு 18 புள்ளி. ஞாயிறு ஓட்டத்துக்குத் தனியாக 7. பவர் ஸ்டேஜ் எனப்படும் கடைசி ஸ்டேஜுக்கு 5. பலன், அந்த ஆண்டு சுவீடன் ராலியை எசபெக்கா லப்பி வென்றார். அவரைவிட அதிகப் புள்ளியோடு எவன்ஸ் வீட்டுக்குப் போனார். வென்றவருக்குக் கோப்பை, தோற்றவருக்குப் புள்ளி என்று யாரையும் மனம் நோகவிடாத இந்தச் சமதர்மம் ஓராண்டுக்கு மேல் நிலைக்கவில்லை என்பது வருத்தம்தான். 2025இல் வென்றவருக்கே 25 என்று பழையபடி திரும்பிவிட்டார்கள். ஞாயிறுக்கென்று ஐந்து புள்ளியை மட்டும் நினைவுக்காக ஒட்டவைத்திருக்கிறார்கள். ஹைப்ரிட் கதையும் இப்படித்தான். சுற்றுச்சூழலுக்காக 2022இல் 100 கிலோவாட் மின்மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்த பெட்டியைக் காருக்குள் கட்டாயமாக வைத்தார்கள். ஒரே சப்ளையர், சீல் வைத்த பெட்டி, பழுதானால் அணி திறந்து பார்க்கக்கூடாது. காரின் விலை பத்து லட்சம் யூரோவை நெருங்கியது. மூன்றே ஆண்டில் சுற்றுச்சூழல் காப்பாற்றப்பட்டுவிட்டதால் 2024 முடிவில் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டார்கள்.

விதி எழுதுபவர்களை மட்டும் புகழ்ந்தால் விதியைத் தாண்டுபவர்கள் கோபித்துக்கொள்வார்கள். 1983இல் பட்டம் வாங்கிய லான்சியா 037 பற்றி ராலிக்காரர்கள் சொல்லிச் சிரிக்கும் கதை ஒன்று இருக்கிறது. பந்தயத்துக்கு அனுமதி வேண்டுமென்றால் 200 கார் கட்டியிருக்க வேண்டும். லான்சியா கட்டி முடித்தது ஏறக்குறைய பாதி. எண்ணிப் பார்க்க வந்த அதிகாரிகளுக்கு முதல் மைதானத்தில் நூறைக் காட்டினார்களாம். மற்றதெல்லாம் ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று நீண்ட விருந்துக்கு அழைத்துப் போனார்களாம். விருந்து முடிவதற்குள் அதே கார்கள் அடுத்த மைதானத்தில் வரிசையாக நின்றனவாம். ஆய்வுக்கு வரும் அதிகாரிக்கு முதலில் இலை போட வேண்டும் என்பதை இத்தாலிக்காரர்கள் யாரிடம் கற்றார்களோ.

இதெல்லாம் வெறும் கதை என்று ஒதுக்கினாலும் 1995 டொயோட்டாவை ஒதுக்க முடியாது. டர்போவுக்குள் போகும் காற்று முழுவதும் 34 மில்லிமீட்டர் வளையம் ஒன்றின் வழியாகத்தான் போக வேண்டும் என்பது விதி. காற்று குறைந்தால் குதிரைசக்தி குறையும். எல்லாரும் ஏறக்குறைய சமம். டொயோட்டா செலிகாவில் அந்த வளையம் அளவு மாறாமல் இருந்தது. ஆனால் குழாயை மாட்டி இறுக்கியதும் உள்ளே இருந்த ஸ்பிரிங்குகள் வளையத்தை லேசாக நகர்த்திவிடும். ஐந்து மில்லிமீட்டர் இடுக்கு திறக்கும். வளையத்தைச் சுற்றிக்கொண்டு கூடுதல் காற்று உள்ளே போகும். சோதிக்க வந்தவர் குழாயைக் கழற்றியதும் எல்லாம் தானாக மூடிக்கொண்டு சாது வளையம் ஆகிவிடும். எங்கள் ஆரணிப் பட்டு வட்டாரத்தில் இதை ஒரே வரியில் சொல்வார்கள்: உரசிப் பார்க்கும் முந்தியில் அசல் சரிகை, உடம்பெல்லாம் இமிடேஷன். ஸ்பெயின் ராலியில் அகப்பட்டார்கள், அணியின் புள்ளிகளும் ஓட்டுநர்களின் புள்ளிகளும் போயின, ஓராண்டு தடை. அப்போது எப்.ஐ.ஏ. தலைவராக இருந்த மாக்ஸ் மோஸ்லி, இவ்வளவு நுட்பமான, கெட்டிக்காரத்தனமான கருவியைத் தாங்கள் நெடுநாளாகப் பார்த்ததில்லை என்ற பொருளில் பேசினார். தண்டனை கொடுத்துக்கொண்டே புகழ்ந்தார். புகழ்ந்துகொண்டே தண்டனை கொடுத்தார். மோஸ்லி லண்டனில் பிறந்தது ஏதோ தவறு. தெள்ளாரில் பிறந்திருக்க வேண்டியவர்.

அதே டொயோட்டா 1998இல் முழுமூச்சாகத் திரும்பி வந்து கார்லோஸ் சைன்ஸுக்கு ஒரு கொரோலா கொடுத்தது. ஆண்டின் கடைசி ராலி, பிரிட்டனில். கடைசி ஸ்டேஜ். போட்டியாளர் டொம்மி மாக்கினன் ஏற்கெனவே விலகிவிட்டார். சைன்ஸ் நான்காவதாக முடித்தாலே மூன்றாவது பட்டம். முடிவுக்கோடு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், சில நூறு மீட்டரில், எஞ்சின் நின்றது. கோ-டிரைவர் லூயிஸ் மோயா ஹெல்மெட்டை வீசி கார்க் கண்ணாடியை உடைத்தார். பட்டம் மாக்கினனுக்குப் போனது. ராலியில் எனக்கு நிஜமாகவே பிடித்த இடம் இதுதான். ஏனென்றால் இதை யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்கவில்லை.

அந்த மாக்கினன் ஓட்டியது மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன். அதே 1998இல்தான் திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் லான்சர் கட்டத் தொடங்கியது. தமிழ்நாட்டின் பங்களிப்பு இங்கே ஆரம்பிக்கிறது. அதையும் விட்டுவிடாமல் புகழ்ந்துவிடுகிறேன். திருவள்ளூர் லான்சரில் எவல்யூஷனின் டர்போவும் இல்லை, நான்கு சக்கர இழுவையும் இல்லை, பெயர் இருந்தது. பிறகு மறைமலை நகரில் ஃபோர்டு ஃபியஸ்டா. 2017இல் ஓஜியேவுக்குப் பட்டம் வாங்கித் தந்த காரின் பெயரும் ஃபியஸ்டா. 2022இல் ஃபோர்டு மறைமலை நகரில் உற்பத்தியை நிறுத்தியது. அதே ஆண்டு ஜனவரியில் மான்டி கார்லோவில் ஃபோர்டு பூமா ஜெயித்தது. இப்போது மிச்சம் இருப்பது இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய். ஐ20 அங்கேதான் பிறக்கிறது. முதல் தலைமுறை ஐ20 அங்கிருந்துதான் ஐரோப்பாவுக்கே கப்பலேறியது. 2024இல் தியெரி நூவில் உலக சாம்பியன் ஆனதும் ஐ20இல்தான். அந்த ஐ20ஐக் கட்டியது ஜெர்மனியின் ஆல்சனாவ் என்ற ஊரில் இருக்கும் பட்டறை.

உலக ராலியை வென்ற மூன்று கார்களின் பெயர்களைச் செங்கல்பட்டுக்கும் திருவள்ளூருக்கும் நடுவிலேயே பொறித்துக் கொடுத்திருக்கிறோம். வந்தவாசி, செய்யாறு பக்கத்துப் பையன்கள் ஐ.டி.ஐ. முடித்து, விடியற்காலை கம்பெனி பஸ் பிடித்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் போகிறார்கள். வண்டியின் ஒவ்வொரு நட்டும் அவர்களுக்குத் தெரியும். அதில் ஒருவன் யூடியூபில் ராலி பார்த்துவிட்டு, “அண்ணா, நம்ம வண்டிதான், ஆனா நம்ம வண்டி மாதிரியே இல்லையே” என்றான். “பெயர் நம்மது தம்பி, அதுவே பெருமை” என்று சொல்லி அனுப்பினேன். டொயோட்டா தமிழ்நாட்டில் ஆலை வைக்காமல் கர்நாடகத்தின் பிடதிக்குப் போய்விட்டது. அதுதான் ஜெயித்துக்கொண்டே இருக்கிறது. இதற்கு மேல் நான் ஏதும் சொல்லவில்லை.

தமிழ்நாட்டிலிருந்து ராலிக்குள் நிஜமாகப் போனது டயர். திருவொற்றியூரில் பலூன் செய்து தொடங்கிய எம்.ஆர்.எப். பணத்திலும் டயரிலும், டெல்லிக்காரர் கௌரவ் கில் ஸ்கோடா காரில் 2013, 2016, 2017இல் ஆசிய பசிபிக் ராலி சாம்பியன் ஆனார். 2019இல் அவருக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. மோட்டார் பந்தயக்காரர் ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை. மூன்று பட்டம் வாங்கும்வரை பொறுமையாகக் காத்திருந்து சரிபார்த்த அரசின் நிதானம் போற்றத்தக்கது. 2022இல் எம்.ஆர்.எப். அணிக்கு ஓடிய ஸ்பெயின்காரர் எஃப்ரேன் யரேனா ஐரோப்பிய ராலி சாம்பியன் ஆனார். சென்னை டயர், செக் நாட்டுக் கார், ஸ்பெயின் கை. ஐரோப்பாவை ஜெயித்த டயர் அடுத்து உலகப் போட்டியின் உச்ச வகுப்புக்குத்தானே போக வேண்டும்? போக முடியாது. அங்கே எல்லாருக்கும் ஒரே டயர் என்பது விதி. 2021 முதல் பிரெல்லி, 2025 முதல் ஹான்குக். வேறு டயர் வேகமானதா என்ற சந்தேகமே யாருக்கும் வராதபடி, போட்டியை டெண்டர் கட்டத்திலேயே முடித்துவிடுகிறார்கள். மற்ற விஷயங்களிலும் இந்த நேர்மையைக் கடைப்பிடித்தால் ஓட்டுநர்கள் மண்ணில் புரள வேண்டிய தேவையே இருக்காது.

2027இல் புது விதி வருகிறது. காரின் விலை 3,45,000 யூரோவைத் தாண்டக்கூடாது. கார் கம்பெனிதான் கட்ட வேண்டும் என்பதும் இல்லை. தரம் காட்டும் எந்தப் பட்டறையும் கட்டி இறக்கலாம். நம் பணத்தில் மூன்றரைக் கோடி ரூபாய்க்குப் பக்கம் என்றாலும், இப்போதைய விலையில் பாதிகூட இல்லை. கதவைக் கொஞ்சம் திறந்துதான் வைத்திருக்கிறார்கள். தெள்ளாரில் யாருக்கும் அந்த எண்ணம் இல்லை. கோயம்புத்தூரில் இருக்கலாம். ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை அங்கேயே வரைந்து, அங்கேயே கட்டி ஓடவிட்ட எஸ். கரிவரதனின் ஊர் அது. செட்டிபாளையத்தில் அவர் பெயரில் டிராக்கே இருக்கிறது. லேத்தும் கையும் பிடிவாதமும் அங்கே குறைவில்லை. அவர்கள் வரைபடம் போட்டு, வார்ப்பு எடுத்து, காரைக் கட்டி முடித்துக் கப்பலேற்றும்வரை எப்.ஐ.ஏ. அந்த விதியை மாற்றாமல் இருக்க வேண்டும். அவர்களுடைய உறுதியைத்தான் இவ்வளவு நேரம் புகழ்ந்திருக்கிறேனே, மாற்ற மாட்டார்கள்.